டுக்லியா கேள்வி: இரண்டாம் முறை தேறிய கதை

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். போன வருஷம் இதே பால்கன் வரலாற்றுத் தாளில் விழுந்து, மாதக்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவு அதில் டுக்லியாவை எடுப்பவர்களுக்கு மட்டும். இன்றைய மொண்டெனேக்ரோ கடலோரத்தில் இடைக்காலத்தில் இருந்த சின்ன நாடு, நாலைந்து அரசர்கள், சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பித்தான் நானும் எடுத்தேன்.

முதல் முறை டுக்லியாவின் அரசன் யோவான் விளாதிமிருக்கே மூன்று பக்கம் போனது. பல்கேரிய மன்னன் சாமுவேலின் சிறையில் கைதிகளின் கால் கழுவ வந்த அவன் மகள் கொசாரா விளாதிமிர்மேல் மனம் வைத்தது. பின்னால் பல்கேரிய அரியணை ஏறிய யோவான் விளாதிஸ்லாவிடமிருந்து உயிருக்கு உத்தரவாதமாக வந்த தங்கச் சிலுவையை மறுத்து, கிறிஸ்து மரத்தில்தானே அறையப்பட்டார் என்று அவன் மரச்சிலுவை கேட்டது. 1016இல் பிரெஸ்பாவில் வெட்டுண்டது. எழுதும்போதே கண் கலங்கியது. இதில் பெரும்பகுதி டுக்லியா பாதிரியாரின் வரலாற்றேட்டில் மட்டும் இருப்பது. அதன் லத்தீன் பிரதிகளில் மிஞ்சியவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இத்தாலிய மொழிபெயர்ப்பு அச்சேறியது 1601இல். இதைப் பற்றி என் விடையில் ஒரு வரி இல்லை. விழுந்தது அங்கேதான்.

அதே விளாதிமிருக்கு 11ஆம் நூற்றாண்டு பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கிலிட்சஸ் தருவது சில வரிகள்: சாமுவேலின் மகளை மணந்தவன், நியாயவான், சண்டையை விரும்பாதவன், பேராயர் டேவிட் வழியாக வந்த சத்தியத்தை நம்பித் தலையை இழந்தவன். சத்தியத் துரோகம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. காதல் ஒரே இடத்தில்தான். இந்த வித்தியாசத்தை எழுதினால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன்: யார் சொன்னது, எத்தனை வருஷம் கழித்து, எந்த ஊரிலிருந்து. 1042இல் பார் நகருக்கு அருகே டுக்லியாவின் ஆட்சியாளன் வொயிஸ்லாவ் பைசாந்தியப் படையை முறியடித்த போரையே எடுங்கள். குறுகிய மலைவழி, 40,000 பேர் சாவு என்பது ஸ்கிலிட்சஸ் கணக்கு. இரவில் மலைமேல் கொம்பூதி எதிரியைக் கலங்கடித்தது வரலாற்றேட்டின் கதை. 40,000ஐ அவர் தரும் எண் என்றே எழுதுங்கள், நடந்த எண்ணிக்கையாக எழுதாதீர்கள்.

மற்றவை, அவசரமாக:

- பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் எழுதிய 'பேரரசை நிர்வகிப்பது பற்றி' நூலின் 35ஆம் அத்தியாயம் மிகச் சின்னது, மனப்பாடம் செய்யுங்கள். 33, 34, 36இல் அண்டை மக்களைச் செர்பிய வழியினர் என்கிறவர், டுக்லியரைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. இரண்டு வருஷமும் கேட்டார்கள். அந்த மௌனத்தை வைத்து, மொண்டெனேக்ரியர் செர்பியரா இல்லையா என்ற இன்றைய தேசச் சண்டைக்குள் இறங்காதீர்கள்.
- வொயிஸ்லாவின் மகன் மிஹைலோவை ஸ்லாவியரின் அரசன் என்று போப் ஏழாம் கிரிகோரி விளித்த கடிதம் 1078 ஜனவரி. அது முடிசூட்டிய தேதி ஆகாது.
- போதின் 1072இல் பிரிஸ்ரெனில் பீட்டர் என்ற பெயரோடு பல்கேரியரின் பேரரசனானது. தந்தை மிஹைலோவோடு குழப்ப வேண்டாம்.
- தினமும் ஒரு வரைபடம், கையால். ஸ்காடர் ஏரி, பார், கோட்டோர், ஜேத்தா ஆறு மொராச்சாவில் கலக்கும் இடம்.
- கூட்டாகப் படிக்காதீர்கள். விடியற்காலை, தனியாக, போன் இல்லாமல்.

வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே கொசாராவின் காதல் நடந்ததா என்பதுதான். "சாமுவேலின் மகளை மணந்தான் என்பதற்கு ஸ்கிலிட்சஸ் சாட்சி. சிறைக் காதலுக்கு வரலாற்றேடு ஒன்றுதான் சாட்சி" என்றேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டுப் போதினுக்குத் தாவினார்.