இரவுப் புகைப்படச் செயன்முறைப் பரீட்சை: கொழும்பு விளக்குகளைப் படித்த அனுபவம்

புகைப்படக்கலை டிப்ளோமாவின் இறுதிச் செயன்முறைப் பரீட்சைக்கு 'நகரின் இரவு' என்ற தலைப்பு வந்தால், மாணவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது கையிலுள்ள பணத்தை. எந்த லென்ஸ் வாங்குவது, யாரிடம் கமரா இரவல் கேட்பது என்பதிலேயே பாதி அவகாசம் கரைந்துவிடும். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் என் படங்களை மேசையில் பரப்பிய பரீட்சகர் கமராவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, "இதில் ஒளி எங்கிருந்து வருகிறது?" என்றார். அடுத்து, "எதை இருட்டில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?" இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவருக்கு மற்றக் கேள்விகள் எல்லாம் சில்லறை.

ஆகவே முதல் வேலை, கமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒரு குறிப்புப் புத்தகத்தோடு இரவில் நடப்பது. எங்கே எந்த விளக்கு எரிகிறது, எத்தனை மணிக்கு அணைகிறது, அதன் ஒளி மனிதர்களின் முகத்தில் விழுகிறதா, உச்சந்தலையில் விழுகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருந்து வரும் வெள்ளை ஒளி, வெளியே நின்று வளையல் பார்க்கும் பெண்ணின் முகத்தில் நேராக விழும். அவருடைய முதுகு முழு இருட்டில் இருக்கும். படத்துக்கு இதைவிட நல்ல ஒளி ஸ்டூடியோவிலும் கிடைக்காது. ஆனால் கடை அடைத்தால் அந்த ஒளியும் போய்விடும். புறக்கோட்டையின் பெரும்பாலான கடைகள் இருட்டியதும் கதவை இறக்கிவிடுகின்றன. இரவு வாழ்க்கையைத் தேடி எட்டரை மணிக்கு அங்கே போய், இறக்கிய இரும்புக் கதவுகளை மட்டும் படமெடுத்து வந்த தோழர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அந்த நேரத்தில் கொழும்பு விழித்திருப்பது காலிமுகத்திடலிலும், கொம்பனித்தெருச் சாப்பாட்டுக் கடைகளிலும், வெள்ளவத்தையிலும்தான்.

விளக்கின் வகை தெரியாமல் நிறத்தைத் திருத்தப் போகாதீர்கள். பழைய சோடியம் தெருவிளக்கின் நிறவெப்பம், அதாவது ஒளி எவ்வளவு செம்மஞ்சள் அல்லது நீலம் என்பதைக் காட்டும் அளவு, ஏறத்தாழ 2000 கெல்வின். அந்த ஒளியில் நீலம் இல்லை என்றே சொல்லலாம். இல்லாத நிறத்தைக் கணினியில் எவ்வளவு இழுத்தாலும் வராது. தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். சோடியம் விளக்கின் கீழ் எடுத்த படம் செம்மஞ்சளாகவே இருக்கட்டும். இப்போது பல வீதிகளில் வெள்ளை எல்இடி வந்துவிட்டதால், ஒரே படத்தில் இரண்டு மூன்று வகை ஒளி கலப்பது சாதாரணம். அப்போது முகத்தில் விழும் ஒளியை மட்டும் கணக்கில் எடுத்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி வெண்சமநிலையைச் சரிசெய்யுங்கள். பின்னணி பச்சையாகவோ ஊதாவாகவோ போனால் போகட்டும். கமரா திருத்தாமல் சேமிக்கும் ரோ (RAW) கோப்பாக எடுத்தால்தான் இந்த முடிவை வீட்டுக்கு வந்தபின் நிதானமாக எடுக்க முடியும்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தில் ஓரமாகக் கிடக்கும் விடயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/500 செக்கனில் சுடும் கமராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் முழு அலைகளாகப் பிடிபட்டு ஒளி சமமாகும். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரைப் பயன்படுத்துபவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் இதைக் கேட்டார்கள். பதில் சொன்ன பிறகு அறையின் சூடு சற்றுக் குறைந்தது.

ஒரு படத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். காலிமுகத்திடல் இறால் வடை வண்டியில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு பல்ப் தொங்கும். கீழே தட்டில் வடைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மீதும் முழு இறால், தலையும் மீசையுமாக. பல்புக்கு அரை மீற்றர் தூரத்தில் கடைக்காரரின் முகம். ஒரு மீற்றரில் வாங்க வந்தவரின் கை. இரண்டு மீற்றரில் அவருடைய பிள்ளை. வெறும் பல்பின் ஒளி, தூரம் இருமடங்கானால் கால்வாசியாகக் குறையும். அப்படியானால் கடைக்காரரின் முகத்தில் விழுவதில் நான்கில் ஒரு பங்குதான் அந்தக் கையில் விழுகிறது. பிள்ளைக்குப் பதினாறில் ஒரு பங்கு. இந்த மூன்றையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்ட ஆசைப்பட்டால் கடைக்காரரின் முகம் வெளிறிவிடும். நான் முகத்தை வைத்துக்கொண்டேன். லென்ஸின் துளை எஃப் 2 (இந்த எண் குறைந்தால் துளை பெரிது), ஷட்டர் 1/100 செக்கன், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600. கை அரைவெளிச்சத்தில் நீண்டது, பிள்ளை வெறும் நிழலுருவமானது, அதற்குப் பின்னால் கடல் முழுக்கக் கறுப்பு. "கடல் தெரியவில்லையே" என்றார் பரீட்சகர். "அங்கே விளக்கு இல்லை, சேர்" என்றேன். சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

கமராவின் ஒளிமானி இதற்கு நேர்மாறாக யோசிக்கும். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவருவதே அதற்குத் தெரிந்த வேலை. இரவைக் கொடுத்தாலும் அதை மாலையாக்கித் தரும். ஒளிமானியின் முடிவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை ஒன்றோ ஒன்றரையோ கீழே இறக்குங்கள், அல்லது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பொட் முறையில் முகத்தை அளந்துகொள்ளுங்கள். கமராத் திரையின் பிரகாசத்தையும் குறைத்து வையுங்கள். இருட்டில் அந்தத் திரை பொய் சொல்லும், மங்கலான படமும் பளிச்சென்று தெரியும். நம்ப வேண்டியது, படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத்தான்.

ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 400இல் நிற்கும் நோய் எங்கள் வகுப்பில் பலருக்கு இருந்தது. குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கினால் வரும் இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், பெரும்பாலும் சரியான ஐஎஸ்ஓவில் எடுத்ததைவிட அசிங்கமாகவே இருக்கும். ஏ4 அளவு அச்சில் 3200 யாரையும் உறுத்தாது. அசைந்து கலங்கிய முகம் உறுத்தும். லென்ஸ் விடயத்தில், கமராவோடு வரும் சூம் லென்ஸை 55 மில்லிமீற்றருக்கு இழுத்தால் எஃப் 5.6தான் கிடைக்கும். மலிவான 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. வாங்குவதானால் அது ஒன்று போதும். இரவலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெள்ளவத்தைக் கொத்துரொட்டிக் கடைகளில் ஷட்டரை நன்றாகப் படிக்கலாம். இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளும் தாளம் போடும்போது 1/50இல் தகடுகள் மங்கி விசிறியாக விரிகின்றன. கைமூட்டும் முகமும் ஓரளவு நிலைத்து நிற்கின்றன. 1/500க்குப் போனால் தகடுகள் அந்தரத்தில் உறைந்து, சத்தமே இல்லாத படமாகிவிடும். கொத்து என்றால் சத்தம்தானே. எனக்கு மங்கிய தகடுகளே பிடித்தன. கல்லில் இருந்து ஆவி எழும்போது அதன் பின்னால் குழல்விளக்கு இருக்கும்படி நில்லுங்கள். முன்னால் இருந்து ஒளி விழுந்தால் ஆவி தெரியாது. கூர்மைக்கு ஓட்டோ ஃபோகஸ் தடுமாறினால், கல்லின் விளிம்பைப் போல வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

தாமரைக் கோபுரம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது முதல் அந்த 350 மீற்றர் உயரம் பேர வாவியில் தலைகீழாக விழாத பரீட்சைப் படத்தொகுப்பே இல்லை. இல்லாத தொகுப்பைக் கண்டால் பரீட்சகர் மகிழ்வார் என்று நினைக்கிறேன். எடுத்தே தீருவேன் என்றால் இரண்டு விடயங்கள். அதன் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருப்பவை. பதினைந்து செக்கன் திறந்து வைத்தால் எல்லா நிறங்களும் கலந்து வெளிறிப்போகும். அத்துடன் இளஞ்சிவப்பு இதழ்களில் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழியும். பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகவே இருப்பதுபோல் காட்டும். மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி சட்டென்று முடிந்துவிடுகிறது. கொழும்பில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில், மறைந்த பின் வானம் நீலமாக நின்று தெருவிளக்கோடு சமப்படும் பொழுது அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஐரோப்பியப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி வந்தால், ட்ரைபொட்டின் காலை விரிப்பதற்குள் இருண்டுவிடும். வாகன ஒளிக்கோடுகளுக்கு இந்தப் பொழுதே நல்லது: ஐஎஸ்ஓ 100, எஃப் 11, பத்து செக்கன் என்று தொடங்கிப் பாருங்கள். பாதசாரிகள் மேம்பாலத்தில் ட்ரைபொட் வைத்தால், கீழே பஸ் போகும்போதெல்லாம் பாலமும் நடுங்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு செக்கன் தாமத ஷட்டரும் அதற்கு மருந்தாகாது. பாலத்தின் நடுப்பகுதியை விட்டுத் தூணோரம் போவதுதான் வழி.

தொகுப்புக்கான காலம் மே மாதத்தில் விழுந்தால், ஓவியங்களும் பல்புகளும் நிறைந்த வெசாக் அலங்காரப் பந்தல்களான தோரணங்கள் கிடைக்கும். அந்தப் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எரிபவை. 1/60இல் எடுத்தால் கோலத்தின் ஒரு துண்டுதான் எரியும். ஒரு செக்கன் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து எரிவதுபோல் வரும், ஆனால் நடுவிலுள்ள ஓவியங்கள் வெளிறக்கூடும். நான் தோரணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் முகங்களை எடுத்தேன். நிறங்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. பெப்ரவரியில் கங்காராம விகாரையின் நவம் பெரஹெர ஊர்வலம், ஜூலை ஓகஸ்டில் ஆடிவேல் விழா என்று நகரம் வேறு வாய்ப்புகளும் தரும். பந்தத்தின் நெருப்பொளி நொடிக்கு நொடி ஏறி இறங்குவதால் அங்கே தானியங்கி முறையை விட்டு மனுவலில் நில்லுங்கள். பௌர்ணமியான போயா தினங்களில் மதுச்சாலைகள் மூடியிருக்கும். அந்தச் சூழல்தான் உங்கள் கருப்பொருள் என்றால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அனுமதி பற்றி. கோட்டைப் பகுதியிலும் காலிமுகத்திடலின் வடக்கு ஓரத்தில் ஜனாதிபதி செயலகத்தை அண்டியும் பாதுகாப்புத் தரப்பினர் நிற்பார்கள். காவலரணையோ படையினரையோ நோக்கிக் கமராவைத் தூக்க வேண்டாம். கையில் பிடித்த கமராவை யாரும் கண்டுகொள்ளாத இடத்திலும் ட்ரைபொட்டை விரித்த உடனே ஒருவர் வந்துவிடுவார். கற்கை நிறுவனத்தின் கடிதமும் தேசிய அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். கடிதம் சிங்களத்திலும் இருந்தால் பேச்சு விரைவில் முடியும். கடைக்காரர்களிடம் முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு கேளுங்கள். "நானா, நீங்கள் வேலையைப் பாருங்கள், நான் ஓரமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் பெரும்பாலும் தலையசைப்புத்தான். சிங்களத்தில் "பிந்தூரயக் கன்னத?" என்று கேட்டாலே போதும். மறுத்தால் விட்டுவிடுங்கள். வீதியில் படுத்திருப்பவர்களையும், போதையில் இருப்பவர்களையும் தொகுப்பில் சேர்த்துப் புள்ளி தேடுவது எனக்கு உடன்பாடில்லை. பெண் மாணவிகள் இருவராகப் போங்கள். ஆண்களும் கமராப் பையோடு தனியாக அலையத் தேவையில்லை.

குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கமராவை வெளியே எடுத்ததும் கொழும்பின் ஈரக்காற்று லென்ஸில் பனியாகப் படியும். வெளிவருமுன் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, கால்மணி நேரமாவது வெளியே இருந்து வெப்பம் சமப்பட்ட பின் திறவுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் படியும். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மூட்டமான வளையம் கண்டால் கண்ணாடியைத் துடையுங்கள். மலிவான யூவி ஃபில்டர் போட்டிருந்தால் விளக்குக்கு எதிர்ப்புறம் பச்சைப் புள்ளியொன்று முளைக்கும். இரவில் அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு படத்தை மட்டும் முதலில் சோதனையாக அச்சிட்டுப் பாருங்கள். ஒளிரும் திரையில் தெரிந்த நிழல் விவரங்கள் தாளில் அடைந்து போகும். நிழல் பகுதியைச் சற்றுத் தூக்கிய தனிக் கோப்பு அச்சுக்குத் தேவைப்படும். மினுமினுப்பான தாள் கறுப்பை ஆழமாகக் காட்டும், ஆனால் பரீட்சை அறையின் குழல்விளக்கு அதில் எதிரொளிக்கும்; நான் அரைமினுமினுப்புத் தாளைத் தேர்ந்தேன். ஒவ்வொரு அச்சின் பின்புறமும் இடம், நேரம், ஷட்டர், துளை, ஐஎஸ்ஓ, முதன்மை ஒளிமூலம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.