நரம்பு கிடைக்கலையா?

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கையை நீட்டும்போதே சொல்லிவிடுவார்கள்: "எனக்கு நரம்பே கிடைக்காதுங்க." அவர்கள் சொல்வது சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை. ஆனால் பேச்சில் சிரை என்று யார் சொல்கிறார்கள்? டிரிப்ஸ் ஏறுவதும் நரம்பில்தான், ஊசி போடுவதும் நரம்பில்தான். லேப் டெக்னீஷியன் படிப்பில் சிரைக்கு நீலம், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனிக்குச் சிவப்பு, உணர்ச்சியைக் கடத்தும் நிஜ நரம்புக்கு மஞ்சள் என்று கலர் பென்சிலில் தீட்டி மார்க் வாங்கிய நானும், வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் "நரம்பு பார்க்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

தோலுக்கு மேலே அந்தக் கலரெல்லாம் உதவாது, விரல்தான் பார்க்க வேண்டும். டூர்னிக்கெட் என்கிற இறுக்குப் பட்டையை மேல்கையில் கட்டி முழங்கை மடிப்பைத் தடவினால், சிரை மெத்தென்று அமுங்கி எழும். தமனி துடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும். புதியவர்கள் அதைத்தான் 'நல்ல நரம்பு' என்று நம்பிக் குத்தப் போவார்கள்.

மூன்றாவது மாதம். சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். பருமனான கை. மடிப்பின் நடுவில் ஒன்றும் அகப்படவில்லை. உட்பக்க ஓரத்தில் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே வரிசை நீளம். மறுகையைப் பார்க்காமலே குத்தினேன். ரத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

"ஐயோ, கரண்ட் அடிக்குது!"

ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். சீனியர் அக்கா ஓடி வந்தார். என்னைத் திட்டவில்லை. "எந்த விரலுக்கும்மா ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் காட்டினார். மீடியன் நரம்பு, அந்த விரல்களுக்குப் போகும் நிஜ நரம்பு! முழங்கையில் தமனிக்கு உட்பக்கமாக ஒட்டியே இறங்கும் என்று பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

நல்லவேளை, சில நிமிடங்களில் மரமரப்பு போய்விட்டது. மறுகையில் அக்காவே எடுத்தார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வரிசை உண்டு: மடிப்பின் நடு, வெளிப்பக்கம், மறுகை, புறங்கை. உட்பக்கம் கடைசிதான். டூர்னிக்கெட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் ரத்தம் தேங்கிச் சில அளவுகள் மாறிவிடும். அதனால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டித் தேடுவேன். வெளியே முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். கையை நீட்டுவதற்கு முன்னால், "தம்பி, போன தடவை நரம்புல குத்திட்டீங்க, பாத்துக் குத்துங்க" என்றார்.

அந்தச் சொல்லை என்னிடம் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.