புது டபுள் கப் எட்டாத விலையில்: வன்னியில் ஆட்கள் என்ன செய்கிறார்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் பரந்தன் சந்தியிலிருந்து மல்லாவி வரை ஒரே கதைதான்: "திறக்கட்டும், விலை விழும், அப்ப எடுப்பம்." திறந்தது. விலை விழவில்லை. புது டபுள் கப், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் பெட்டியும் உள்ள பிக்அப், கோடி ரூபாயைக் கடந்து நிற்கிறது. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போதும் காத்திருக்கிறார்கள், மற்றவர்கள் கிடைத்ததை எடுக்க ஓடுகிறார்கள்.

ஏன் விழவில்லை என்பதற்கு ஆழமான ஆராய்ச்சி தேவையில்லை. ஹைலக்ஸ், டி-மக்ஸ், எல்200 மாதிரி டபுள் கப் எல்லாம் பெரும்பாலும் தாய்லாந்தில் பொருத்தி வருபவை. டொலரில் 20,000 பெறுமதியான வண்டி, டொலர் 200 ரூபாய் அளவில் இருந்த காலத்தில் 40 இலட்சம். டொலர் 300 ரூபாய் அளவுக்கு வந்தபின் அதே வண்டி 60 இலட்சம். இது துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை மட்டும். அதன்மேல் சுங்க வரி, சுங்க வரிக்கு மேலதிக வரி, உற்பத்தி வரி எல்லாம் ஏறும். பிறகு அந்த வரிகளையும் சேர்த்த தொகைக்கு 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). வரிக்கு மேல் வரி விழுவதால், கீழே ஒரு ரூபாய் கூடினால் மேலே ஒரு ரூபாயோடு நிற்பதில்லை. அதனால் "அடுத்த மாதம் இறங்கும்" என்று வாகனம் விற்பவர் சொன்னாலும் சரி, "ஏறும், இப்பவே எடுங்கோ" என்று சொன்னாலும் சரி, முதலில் டொலரையும் வரி அறிவித்தலையும் பாருங்கள்.

எடுக்கப் போகிறவர்களில் முதல் கூட்டம் லீசிங் பக்கம் போகிறது. இங்கே ஒரு கணக்கை மட்டும் கையில் வைத்திருங்கள். 50 இலட்சம் கடன், 5 வருடம். ஒரு கொம்பனி "8 வீதம்தான் அண்ணை" என்கிறது, இன்னொன்று 14 வீதம் என்கிறது. 8 மலிவு என்று கையெழுத்து வைக்கவேண்டாம். அந்த 8 வீதம் முழுத்தொகைக்கும் ஐந்து வருடமும் போடப்படும் வட்டியாக இருந்தால், வட்டி 20 இலட்சம், மொத்தம் 70 இலட்சம், மாதத் தவணை 1,16,667 ரூபாய். 14 வீதம் குறைந்துவரும் மீதிக்குப் போடப்படுவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,16,300. இரண்டும் ஒன்றேதான். வீதத்தைக் கேட்காமல் "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முன்பணம் எவ்வளவு, ஆவணச் செலவு எவ்வளவு" என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வண்டிப் பெறுமதியில் எவ்வளவு வீதம்வரை கடன் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது மாறிக்கொண்டிருப்பதால் முன்பணத்தை அன்றைய நிலவரப்படி கேட்டு உறுதிசெய்யவேண்டும்.

வயற்காரருக்கு வேறொரு சிக்கல் உண்டு. காசு வருவது காலபோக வெட்டுக்குப் பின்னும் சிறுபோக வெட்டுக்குப் பின்னும், வருடத்துக்கு இரண்டு தரம். தவணை வருவதோ பன்னிரண்டு தரம். இடைமாதத் தவணைக்கு நகை அடகுக்குப் போனால் வண்டி விலை இன்னொரு படி ஏறுகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை கட்டும் ஒழுங்குக்கு இணங்குவார்களா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

இரண்டாவது கூட்டம் சிறியதுக்கு இறங்குகிறது. என் கண்ணில் இதுதான் புத்தியான வேலை. டபுள் கப் ஏறத்தாழ ஒரு தொன் ஏற்றும். நெல் மூடை 66 கிலோ என்று வைத்தால் 15 மூடை, அவ்வளவுதான். 22 மூடை ஏற்றிக்கொண்டு கிரவல் றோட்டில் போகிற வண்டிகளைப் பார்க்கிறோம், அவற்றின் சேசிஸ் (அடிச்சட்டம்) கதையைப் பிறகு சொல்கிறேன். முக்கால் தொன்னுக்குள் ஓடும் மரக்கறி, கடைச்சாமான், கோழித்தீன் என்றால் பட்டா (டாட்டா ஏஸ் சின்ன லொறி) போதும்: 702 சிசி, இரண்டு சிலிண்டர், எந்தச் சந்தியிலும் திருத்த ஆள் இருக்கும். அதற்கு மேல் பாரம் என்றால் பொலேரோ மாதிரி சிங்கிள் கப். வயலுக்குள் இறங்கி ஏற லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எந்த நாலு சில்லு இழுவையும் வெல்லாது. நாலு சில்லும் இழுக்கவேண்டிய நாட்கள் வருடத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை முத்தையன்கட்டுப் பக்கத்து உள்வீதிகளில் தினம் ஓடுபவருக்கு அது தேவை. ஏ9இல் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடுபவருக்கு அது பாரமும் டீசல் செலவும்தான். டபுள் கப்பை நம் ஊரில் பாதித் தேவைக்கு எடுக்கிறார்கள், பாதி கலியாண வீட்டு வாசலில் நிற்பாட்ட எடுக்கிறார்கள். அந்தப் பாதிக்கு விலை போட எனக்குத் தெரியாது.

மூன்றாவது கூட்டம்தான் பெரிது: புதுசின் விலையைக் கேட்டுப் பயந்து, பதினைந்து வருடம் ஓடிய ஹைலக்ஸ் விகோவோ எல்200ஓ எடுப்பவர்கள். இவர்கள் செய்யும் பிழை ஒன்றே. கையிருப்பை முழுக்க வண்டி விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பழையதன் விலை என்பது வாங்கிய காசும் முதல் வருடத் திருத்தமும் சேர்ந்தது. வண்டிக்கு ஒதுக்கிய காசில் ஆறிலொரு பங்கையாவது தொடாமல் வைத்துவிட்டு மிச்சத்துக்குள் பேரம் பேசுங்கள். அதற்குள் வண்டி அகப்படாவிட்டால் ஒரு படி சின்ன வண்டியைப் பாருங்கள்.

எஞ்சினுக்கு எஞ்சின் வியாதி வேறு. விகோவில் வரும் 2.5, 3.0 டி4டி எஞ்சின்களுக்கு, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் இருக்கைச் செம்பு வளையம்தான் பலவீனம். வளையம் கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயில் கரியாகிக் கட்டிபடுகிறது. அந்தக் கரி ஒயில் தட்டில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைக்கிறது. வெளியே ஒரு சத்தமும் இராது. திடீரென்று ஒரு நாள், அநேகமாகப் பாரத்தோடு மேடேறும்போது, பெயரிங் பிடித்து எஞ்சின் முடிந்துவிடும். வாங்கமுன் பார்க்கும் வழி: சூடான எஞ்சினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். புகை விட்டுவிட்டு அடித்தால் சந்தேகம். உறுதிசெய்ய ஒயிலை வடித்துக் கீழ்த்தட்டைக் கழற்றவேண்டும். வலையில் கோப்பித் தூள் மாதிரிக் கறுத்த துகள் ஒட்டியிருந்தால், விலையைக் குறைத்துக்கூட எடுக்கவேண்டாம். சுத்தமாக இருந்தாலும் வாங்கியவுடன் நாலு செம்பு வளையமும் அவற்றின் மேற்சீல்களும் மாற்றி, இருக்கையைத் தேய்த்துச் சுத்தமாக்கி, புது வடிகட்டியோடு 7 லீற்றர் ஒயில் ஊற்றுங்கள். வளையத்தைத் திருப்பிப் போடுகிற சிக்கன மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒருதரம் நசுங்கிய செம்பு மறுபடி அடைக்காது.

பழைய எல்200இன் 4டி56 எஞ்சினுக்கு வேறு வியாதி. அதில் இரண்டு பெல்ற். பெரியது வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் ரைமிங், சின்னது அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் சாஃப்ற்றுக்கு. ஆட்கள் பெரியதை மாற்றிச் சின்னதை விட்டுவிடுகிறார்கள், "அது அறுந்தாலும் ஓடும்" என்று. அறுந்த சின்னது பெரியதுக்குள் சிக்கி அதையும் இழுத்துவிடும், வால்வும் றொக்கரும் போகும். கவரைத் திறந்தால் எப்போது மாற்றியது என்று பேனாவால் எழுதியிருக்கவேண்டும். எழுத்து இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்து, இரண்டு பெல்ற், இரண்டு இழுவை உருளை, கிராங் முன்சீல், தண்ணீர்ப் பம் எல்லாவற்றையும் ஒரே கழற்றலில் முடியுங்கள்.

நிசான் நவராவின் பழைய 2.5இல் ரைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின், அதில் மேற்செயின் தேயும். காலையில் முதல் ஸ்ராட்டில் கடகடவென்று ஒலி வந்து அடங்கினால் விட்டுவிட்டு வாருங்கள். டி-மக்ஸ் 3.0 இவற்றில் பொறுமைசாலி. செயின் எஞ்சின், பாரத்துக்கு அஞ்சாது. அதனாலேயே பழையதன் விலையும் இறங்குவதில்லை.

எந்த எஞ்சினானாலும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலை அளந்து பாருங்கள். 2022 தட்டுப்பாட்டில் பரல் டீசலும் மண்ணெண்ணெய் கலந்ததும் குடித்த வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. மண்ணெண்ணெயில் வழுக்கல் குறைவு, உயரழுத்தப் பம்மையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். நாலு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் கழற்றி, ஒரே அளவான நாலு சின்னப் போத்தலுக்குள் விட்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். மட்டம் நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. நாலிலும் கூடினால், நாலையும் செய்யவேண்டிய காசைப் பேரத்தில் கழியுங்கள்.

இனி அந்தச் சேசிஸ். வன்னிக்கென்று இரண்டு எதிரிகள். ஒன்று பாரம்: பின் ஸ்பிறிங்குக்கு மேலதிக பட்டை போட்டு 22 மூடை ஏற்றினால் ஸ்பிறிங் தாங்கும், சேசிஸ் தாங்காது. கபினுக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட இடத்தில் வெடிப்பு விழும். அங்கே புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள், கீழே வெல்டிங் கோடு தெரியும். மற்றது மீன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியில் உருகிய உப்புத்தண்ணி பெட்டி மூட்டுகளால் வடிந்து சேசிஸுக்குள் போய்த் தங்கும். மேலே பளபளப்பாக இருக்கும். வண்டியைத் தூக்கி, பின் ஸ்பிறிங் கொளுவிக்குப் பக்கத்திலும் ஸ்பெயார் ரயருக்கு மேலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். ஊறிய இரும்பு "தொப்" என்று சொல்லும், துரு பொருக்காக உதிரும். எஞ்சினை மாற்றலாம், ஊறின சேசிஸை ஒன்றும் செய்ய இயலாது.

நாலு சில்லு இழுவையைக் கார்ப்பெற் றோட்டில் போட்டுக் காட்டினால் நம்பவேண்டாம், அங்கே போடவும் கூடாது. மண் ஒழுங்கைக்குள் கொண்டுபோய்ப் போட்டு, முன்சில்லு இழுக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். வருடக்கணக்கில் போடாத வண்டிகளில் அது இறுகிப்போயிருக்கும்.

பிறகு வாகனப் பதிவுப் புத்தகம். நம்பரில் பீ எழுத்து வரிசை என்றால் இருபயன்பாட்டு வாகனம், எல் வரிசை என்றால் லொறி வகை. எல் நம்பரில் பின்சீற்றோடு ஒரு வண்டி நின்றால், சிங்கிளை வெட்டி டபுளாக்கியதா என்று கேட்கவேண்டும். சேசிஸ் நம்பரை உங்கள் கண்ணால், இரும்பில், வாசியுங்கள். லீசிங் கொம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வராமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வன்னியில் அதிகம் மாட்டுவது ஓப்பின் பேப்பரில்தான். புத்தகத்தில் உள்ளவர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார், அவர் திகதி போடாமல் வைத்த கையெழுத்து மூன்று கை மாறி உங்களிடம் வரும். உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களில் உள்ள கையெழுத்து அடையாள அட்டைக் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது ரொறன்ரோவில் இருப்பவரை நீங்கள்தான் தேடவேண்டும். ஆகவே புத்தகத்துக்காரரோடு வீடியோவில் ஒருதரம் கதையுங்கள், அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள், விலையில் ஒரு பங்கைப் பெயர் மாறும்வரை கையில் வைத்திருக்கச் சம்மதம் கேளுங்கள். "தம்பி, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று விற்பவர் முகம் கோணினால், "உங்களில இருக்கு அண்ணை, புத்தகத்தில இருக்கிறவரைத்தான் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.