தோதான காற்று

'ஆப்பர்ட்யூன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தக்க சமயத்திலான' என்று பொருள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான். நம் பேச்சில் இருக்கும் 'தோது' இதற்கு இன்னும் நெருக்கம்.

லத்தீனில் 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம், 'ஓப்' என்றால் நோக்கி. 'ஓப்' முடிவதென்னவோ 'கம்பு'வில் வரும் மெலிந்த ப ஒலியில்தான். பக்கத்தில் 'போர்ட்டுஸ்' வந்து ஒட்டியதும் அதுவும் வல்லொலியாகி, 'ஓப்போர்ட்டூனுஸ்' பிறந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'பி' இரண்டு முறை வருவது இதனால்தான். ஒன்றை விட்டுவிட்டு எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

துறைமுகம் நோக்கி வீசும் காற்று என்பதுதான் மூலப்படம். பாய்மரக் கப்பலுக்கு எதிர்க்காற்றில் கரை சேர்வது பெரும்பாடு. காற்று பலமா, மெதுவா என்பதல்ல, போக வேண்டிய பக்கம் வீசுகிறதா என்பதே கேள்வி. அதே காற்று, கடலுக்குள் கிளம்புகிறவனுக்குத் தோதில்லாத காற்று.

ரோமானியர்களுக்குத் துறைமுகத்துக்கென்றே போர்ட்டூனுஸ் என்ற தெய்வம் இருந்தது. ஆகஸ்ட் 17 அவருக்குத் திருநாள். ரோமில் டைபர் ஆற்றங்கரையருகே அவர் கோயில் இன்றும் நிற்கிறது. வேடிக்கை, அதை நெடுங்காலம் அதிர்ஷ்ட தேவதை ஃபோர்ச்சுனாவின் கோயில் என்றே அழைத்துவந்தார்கள். 'ஆப்பர்ட்யூன்', 'ஃபார்ச்சூன்' இரண்டையும் ஒரே குடும்பம் என்று நினைப்பவர்கள் செய்வதும் அதே குழப்பம்தான். ஒலிதான் ஒன்றுபோல, வேர் வேறு.

இனி பயன்பாடு. கெடு தேதிக்குள் அறிக்கை கொடுத்தால் அது 'டைம்லி'. மேலதிகாரி நல்ல மனநிலையில் இருக்கும்போது விடுப்பு கேட்டால், அந்த நேரம் 'ஆப்பர்ட்யூன்'. கடிகாரம் பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். இரண்டாவதற்கு 'எந்தக் காரியத்துக்கு?' என்று கேட்டாக வேண்டும். நேரம், தருணம், இடம் போன்றவற்றுக்கு முன்னால் இந்தச் சொல் இயல்பாக உட்காரும். ஆளுக்கு அடைமொழியாகப் போட்டால் ஒட்டாது. வாய்ப்புக் கிடைத்தது என்ற பொருளில் 'ஐ வாஸ் ஆப்பர்ட்யூன்ட்' என்று சிலர் எழுதுவதும் பொது ஆங்கிலத்தில் பிழையே. இது வினைச்சொல் அல்ல.

நேரங்கெட்ட நேரத்தில் வருவது 'இன்ஆப்பர்ட்யூன்'. இதே வேரிலிருந்து வந்த 'இம்பார்ட்யூன்' மட்டும் தனி வழியில் போய்விட்டது. அணைய வசதியில்லாத கரை என்பதில் தொடங்கி, தொல்லை தருவது என்றாகி, இன்று விடாமல் நச்சரிப்பதைக் குறிக்கிறது.