சுட்டதா, சுடாததா

மார்ச் 3

வந்துவிட்டது.

மார்ச் 3, இரவு

பெட்டியைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது. அவசரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி அட்டையின் ஒரு மடல் கிழிந்துவிட்டது. பரவாயில்லை, பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்.

உள்ளே கறுப்புப் பஞ்சில் குழி வெட்டி எல்லாவற்றையும் படுக்கவைத்திருக்கிறார்கள். என் புது ஏர் ரைஃபிள், காற்றழுத்தத்தில் சுடும் போட்டித் துப்பாக்கி: பேரல், தோளில் தாங்கும் ஸ்டாக், இரண்டு காற்றுச் சிலிண்டர், குறி பார்க்கும் டயாப்டர், அலன் கீ கொத்து. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன அட்டை. தொழிற்சாலையில் இடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்த்த டார்கெட். ஐந்து குண்டு, ஒரே ஓட்டை. ஓட்டையின் ஓரம் மட்டும் லேசாகப் பிசிறடித்திருக்கிறது. கீழே பென்சிலில் சீரியல் எண், யாருடையதோ ஒரு சுருக்கொப்பம். அதை மேசை விளக்கில் சாய்த்துவைத்திருக்கிறேன். விளக்கை அணைக்க மனமில்லை.

மூன்று வருடம்.

மார்ச் 5

அளவு சரிசெய்வதிலேயே மாலை முழுக்கப் போனது. தோளில் படும் பட் பிளேட்டை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் கன்னம் உட்காரவில்லை, கன்னத்தாங்கியை ஏற்றினால் கழுத்து வலிக்கிறது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 6

முதல் நாற்பது குண்டு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. 10.3, 10.5, 10.4, ஒரு 10.8கூட. இரண்டு மட்டும் 9.7, இரண்டும் நேர் மேலே. புது ஸ்டாக், பழக வேண்டும்.

என் பழையதை வாங்கிய பையன் மூன்றாவது லேனில் நின்றான். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 8

மறுபடியும் மேலே.

மார்ச் 9

நோட்டில் ஒவ்வொரு குண்டாக எழுதிப் பார்த்தேன். பத்து குண்டு சுட்டு, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எழுந்து வந்து சுடும் முதல் குண்டு மேலே போகிறது. அடுத்தது ஒழுங்கு. அதற்கடுத்ததும் ஒழுங்கு. இன்று ஆறு முறை உட்கார்ந்தேன், ஆறில் ஐந்து மேலே.

கோச்சிடம் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் நோட்டைப் பார்க்கும்போது எனக்குக் கை கட்டத் தோன்றும். "மூச்சுதாண்ணா. ரெஸ்ட் எடுத்துட்டு வந்தா மூச்சை முழுசா விடாம பிடிச்சிடறீங்க. மார்பு ஏறியே நிக்குது."

சரி. மூச்சு.

மார்ச் 10

மூச்சை விட்டேன். மேலே.

மார்ச் 11

தூக்கமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் வெறும் ட்ரிக்கர் பயிற்சி. குண்டு கிடையாது, காற்றும் கிடையாது, ட்ரிக்கர் மட்டும் விழும். அது விழுந்த பிறகும் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளி வளையத்துக்குள் அப்படியே நிற்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து பார்த்தாலும் நிற்கிறது. அப்படியென்றால் நான் ஆடவில்லை. அல்லது, காற்று இருந்தால் மட்டும் ஆடுகிறேன். அதுவும் நடக்கக்கூடியதுதான். சத்தத்துக்கு முன்னாலேயே உடம்பு பயந்துகொள்ளும்.

அக்கா எழுந்து வந்து வாசலில் நின்றாள். "ஏண்டா, அது உன்னைச் சுடுதா, நீ அதைச் சுடுறியா?"

மார்ச் 12

கோச் தன் துப்பாக்கியைக் கொடுத்தார். அதே பெல்லட் (ஈயக் குண்டு) டப்பா, அதே லேன். நடுநடுவே எழுந்து, உட்கார்ந்து, வேண்டுமென்றே நேரம் கடத்தி இருபது சுட்டேன். ஸ்டாக் பொருந்தாமல் வலது பக்கமாக நிறையச் சிதறியது. மேலே ஒன்றுகூடப் போகவில்லை.

மூன்று நாளாக என் மூச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13

க்ரோனோகிராஃப் இரவல் கிடைத்தது. பேரல் முனைக்கு முன்னால் வைத்தால் குண்டு வெளியேறும் வேகத்தைச் சொல்லிவிடும். தொடர்ந்து சுட்டால் வினாடிக்கு 171, 172, 171, 172, 171 மீட்டர். கடிகாரம் மாதிரி. ஐந்து நிமிடம் சும்மா விட்டுச் சுட்டால் 186. அடுத்தது 173. அடுத்தது 172.

நான்கு தடவை செய்தேன். 186, 185, 187, 186.

கணக்குப் போட்டேன். பத்து மீட்டரைக் கடக்க 172 மீட்டர் வேகத்தில் 0.058 வினாடி. அதற்குள் குண்டு 16, 17 மில்லிமீட்டர் கீழே விழுகிறது. டயாப்டர் அதற்காகத்தான் சரிசெய்யப்பட்டிருக்கிறது. 186 என்றால் விழுவது 14தான். வித்தியாசம் சுமார் 2.4 மில்லிமீட்டர். டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5. நடுவிலிருக்கும் பத்தாவது வளையமே அரை மில்லிமீட்டர் புள்ளி.

ஒரு முழு வளையம் மேலே. மூச்சு இல்லை, மார்பு இல்லை, பயம் இல்லை.

கோச் ரெகுலேட்டர் என்றார். சிலிண்டரில் 200 பார் அழுத்தம். அதைக் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைப் பிடித்துக் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. உள்ளே காற்று வழியை மூடும் சீட் சரியாக அடைக்கவில்லை என்றால் மூடிய குழாய் சொட்டுவது போலக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கசிவது வெளியே இல்லை, உள்ளேயே. அதனால் சத்தமும் கேட்காது, மீட்டர் முள்ளும் இறங்காது. சும்மா வைத்திருக்க வைத்திருக்க அடுத்த குண்டுக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மேட்சில் அறுபது குண்டுக்கு 75 நிமிடம். ஒரு குண்டுக்கு 75 வினாடி, அதில் பெரிதாகத் தெரியாது. தடுமாறி, துப்பாக்கியை இறக்கி, உட்கார்ந்து மனதைத் தேற்றிக்கொண்டு வருகிறோமே, அந்தக் குண்டில்தான் காலை வாரும்.

மார்ச் 14

இன்வாய்ஸின் பின்பக்கம். எறும்பு எழுத்து. "பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள், பயன்படுத்தப்படாத நிலையில், மூலப் பெட்டியில், சேதமின்றி."

இன்று பதினோராம் நாள்.

பெட்டி! குப்பைக்குப் போகவில்லை. பரணில் இருந்தது. கிழிந்த மடலை உள்பக்கமாக ஒட்டினேன். வெளியே தெரியவில்லை. கொஞ்சம் தெரிகிறது.

கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வேகங்களின் பட்டியல், படம், வீடியோ, சீரியல் எண். அந்த எண் இப்போது என் போன் எண்ணைவிட எனக்கு மனப்பாடம்.

மார்ச் 15

பதில் இல்லை. பன்னிரண்டு.

மார்ச் 16

பதில் வந்தது. இரண்டே வரி. பொருள் சுடப்பட்டிருப்பதாகத் தாங்களே தெரிவித்துள்ளதால் அது பயன்படுத்திய பொருளாகக் கருதப்படும். திருப்பி எடுப்பதற்கில்லை.

நானே காட்டிக்கொடுத்துவிட்டேனாம்.

ஔவையாரிடம் முருகன் பழத்துக்குக் கேட்ட கேள்வியை இவர்கள் துப்பாக்கிக்குக் கேட்கிறார்கள். சுடாமல் இந்தப் பழுது தெரியாது. சுட்டால் பழுதைச் சொல்லும் உரிமை போய்விடும். சட்டை வாங்கினால் போட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி அறையாவது இருக்கும். பெட்டியைத் திறக்காமல் பதினான்கு நாள் வைத்திருந்து, பதினான்காம் நாள் "எனக்கு இந்த நிறம் பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. இதை முதலில் சுட்டது நான் இல்லை. மேசையில் அந்த அட்டை இருக்கிறது. ஐந்து குண்டு, சுருக்கொப்பத்தோடு. அவர்கள் கணக்குப்படி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே இது பயன்படுத்திய துப்பாக்கிதானே?

அந்த ஐந்தும் நிறுத்தாமல் தொடர்ந்து சுட்டவையாக இருக்கும். நிறுத்தாமல் சுட்டால் என்னுடையதும் ஒரே ஓட்டைதான்.

மார்ச் 17

பதினான்காம் நாள். போன் செய்தேன்.

"சார், உங்க பிரச்சினை புரியுது சார்."

"புரிஞ்சா மாத்திக் கொடுங்க."

"பாலிசி சார்."

"பழுதான பொருளுக்கும் அதே பாலிசியா?"

"பழுதுன்னா வாரண்டி சார். அது கம்பெனி. நாங்க விக்கிறவங்க மட்டும்தான்."

"பணம் வாங்கினது யாருங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வேற பெல்லட் போட்டுப் பாத்தீங்களா சார்?"

குரலை உயர்த்தாமல் பேசினேன். வைத்த பிறகு கை நடுங்கியது. போட்டியில்கூட இப்படி நடுங்கியதில்லை.

மார்ச் 18

பதினைந்து.

மார்ச் 20

சரி, பெல்லட். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர், மூன்று தலை அளவிலும் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து தொடர்ந்து, ஐந்து நிமிடம் இடைவெளி, ஒன்று. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. 4.50இல் ஓட்டைகளின் கொத்து கொஞ்சம் இறுகியது. இடைவெளிக் குண்டு மூன்றிலும் 185க்கு மேல். பட்டியலை அனுப்பினேன். இந்த முறை கம்பெனிக்கும் ஒரு நகல்.

மார்ச் 21

பேரலைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். செய்தேன். பேரலுக்கும் ரெகுலேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, செய்தேன்.

186.

மார்ச் 23

இன்று வேறொன்று கண்ணில் பட்டது. சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி. இரண்டு வருடம் முந்தையது. சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருடம், அதுவும் நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை, பொறித்த தேதியிலிருந்து. இருநூறு பார் அழுத்தத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம், அதில் விளையாட முடியாது. ஆக என் "புதிய" துப்பாக்கியின் சிலிண்டர் இரண்டு வருடம் ஏதோ அலமாரியில் மூப்படைந்திருக்கிறது. அந்த இரண்டு வருடத்துக்குப் பெயர் பயன்படுத்தப்படாத நிலை.

இதைக் கடைக்கு எழுதவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை.

மார்ச் 25

கம்பெனியின் சர்வீஸ் மையம் அனுப்பச் சொல்லிவிட்டது. "பரிசோதித்த பின் முடிவு செய்யப்படும்" என்ற ஒரு வரிக்கு இத்தனை சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

சிலிண்டர்களைக் காலிசெய்தேன், காற்றோடு கொரியரில் எடுக்க மாட்டார்கள். வடிக்கும்போது வந்த சீறல் நெடுநேரம் நின்றது. சின்னக் கீறல்கூட இல்லை என்பதற்கு எல்லாப் பக்கமும் படம். டயாப்டரைக் கழற்றி நானே வைத்துக்கொண்டேன். அந்த டெஸ்ட் அட்டையை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்து, நகல் எடுத்து நகலை வைத்தேன். ஒட்டிய மடல் மறுபடியும் பிரிந்தது.

மார்ச் 26

கூடம் காலியாக இருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

கடையிலிருந்து மின்னஞ்சல்! ஓடிப்போய்த் திறந்தேன். அண்மையில் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?

186 தருவேன்.

ஏப்ரல் 7

பதினொன்றாம் தேதி மேட்ச். பெயரை விலக்கிக்கொள்ளவா என்று கேட்டேன். கோச் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஸ்டாக்கை உங்களுக்கு மாத்தி வைக்கறேண்ணா." மாற்றினால் திரும்ப அவருடைய அளவுக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு வாரம் ஆகும். தெரிந்தேதான் சொல்கிறார்.

ஏப்ரல் 8

அந்தப் பையனிடம் பழையதை ஒரு நாள் இரவல் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஏப்ரல் 11

598.2. அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

பையன் 606.9. என் துப்பாக்கியில்.

அவன் துப்பாக்கியில்.

ஏப்ரல் 16

அறிக்கை வந்தது. முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்: ரெகுலேட்டர் சீட்டில் நுண்ணிய உலோகத் துருவல் காணப்பட்டது. சீட், ஓ-ரிங் மாற்றப்பட்டன. கட்டணம் இல்லை.

துருவல். கடைசல் வேலையில் சிதறிய ஒரு பிசிறு, ஊதாமல் விட்டிருக்கிறார்கள். முடியைவிட மெல்லியதாக இருந்திருக்கும். பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதை ஒரு உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம்.

அறிக்கையைக் கடைக்கு அனுப்பிப் புதியது கேட்டேன். மாலையே பதில், இவ்வளவு வேகம் இதுவரை இல்லை: பழுது நீக்கப்பட்டுவிட்டதால் தற்போது பொருளில் குறைபாடு ஏதுமில்லை.

பழுதாக இருந்தபோது சுட்டது என்றார்கள். பழுது நிரூபணமானதும் பழுதே இல்லை என்கிறார்கள். நடுவில் எந்த நாளில் கேட்டிருக்க வேண்டும்?

ஏப்ரல் 17

கோச் விடச் சொல்கிறார். அக்காவும் விடச் சொல்கிறாள். விட்டுவிட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். புகார்க் கடிதம் ஒன்று வரைவாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21

வந்துவிட்டது. பெட்டியின் அந்த மடலை யாரோ அகலமான நாடா போட்டு ஒழுங்காக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். புதிய டெஸ்ட் அட்டை ஒன்று, வேறு சுருக்கொப்பம். இதிலும் ஒரே ஓட்டை. இதை விளக்கில் சாய்த்துவைக்கவில்லை.

ஏப்ரல் 22

171, 172, 172, 171. ஐந்து நிமிடம். 172.

பத்து நிமிடம். 173.

ராத்திரி முழுக்கச் சிலிண்டரோடு விட்டு, காலையில் முதல் குண்டு பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 23

172.

ஏப்ரல் 24

அறுபது குண்டு. க்ரோனோகிராஃபை முன்னாலேயே வைத்துக்கொண்டு சுட்டேன். கோச் சிரித்தார், சிரிக்கட்டும். முப்பத்திரண்டாவது குண்டுக்கு முன் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எழுந்து வந்தேன்.

9.6. நேர் மேலே.

எண்ணைப் பார்த்தேன். 171.

கோச் பின்னால்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25

அக்கா அந்தப் பெட்டியைப் பழைய பேப்பரோடு போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.