ரிமாண்டுக்கு முன்னால் ஓ.பி. சீட்டு போய்ச் சேர வேண்டும்

மனநல சிகிச்சையில் இருப்பவரைக் கடலூர்ப் பக்கம் ஒரு வழக்கில் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் ஃபைல் தயாராக வேண்டும். ஜிப்மர் (புதுச்சேரியிலுள்ள மத்திய அரசு மருத்துவமனை) ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மாத்திரைச் சீட்டு, எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ்: மாஜிஸ்திரேட்டுக்கு, வக்கீலுக்கு, கேப்பர் மலை மத்திய சிறை மருத்துவருக்கு. ஒரிஜினலை விட்டுவிடாதீர்கள்.

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். காயம், பிரஷர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெயர், ஊரைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், "நல்லாத்தானே பேசுறான், நடிக்கிறான் சார்" என்பார்கள் போலீஸ்காரர்கள். மனச்சிதைவு உள்ளவர் முகவரி சொல்லமாட்டார் என்று யார் சொன்னது? அங்கேயே டாக்டரிடம் சீட்டைக் காட்டி, நோயையும் மருந்துகளையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரை தடைபடுவதுதான் பெரிய ஆபத்து. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் பழைய அளவை அப்படியே தரக்கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைச் சிறை மருத்துவருக்கான செட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, அவரை வெளியே விடக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சம்பவ நேரத்தில் தான் செய்வது என்னவென்று, அல்லது அது தப்பென்று, புரியாத நிலையில் இருந்தாரா என்பது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) பிரிவு 22, அது நீதிமன்ற விசாரணையில் நாம் நிரூபிக்க வேண்டியது, "மனநோய் உண்டு" என்ற சர்டிபிகேட் மட்டும் போதாது. இப்போது வழக்கைப் புரிந்து தன் தரப்பைச் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்கு பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) பிரிவு 367, 368. முடியாது என்று நீதிமன்றம் கண்டால், 369-ன்படி ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் வெளியே விடலாம். உள்நோயாளி சிகிச்சை தேவையில்லை என்றிருக்க வேண்டும். உறவினரோ நண்பரோ அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து காட்டுவதாகவும், அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்ப்பதாகவும் உறுதி எழுதித்தர வேண்டும். எந்த மருத்துவமனை, மாத்திரையை யார் கொடுப்பார் என்பதையும் அதில் எழுதினால் மனு கனமாக இருக்கும்.

கையெழுத்துப் போட ஆளில்லாமல்தான் பல மனுக்கள் நிற்கின்றன. "உள்ளேயே இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்று வீட்டார் சொல்வதுண்டு. வருஷக்கணக்கில் பார்த்துக் களைத்தவர்களைத் திட்டிப் பயனில்லை; சித்தப்பா, மாமா என்று அடுத்த ஆளைக் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.