பழைய பைண்டிங்

"இது பழைய பைண்டிங்தானே?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். "ஆமாம், பழையதுதான்" என்றேன். பாரிஸில் அரிய நூல் கடையொன்றில் பணியாற்றிய காலத்தில் நான் சொன்ன எத்தனையோ பதில்களுள் இது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

நூல், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேனின் செய்யுட்கதைகள். அரசனுக்காக வரி வசூலித்த வரிக்குத்தகைதாரர்களின் பணத்தில் 1762-இல் வெளிவந்த, ஐசென் வரைந்த 80 செப்புத்தகட்டுச் சித்திரங்கள் கொண்ட இரு தொகுதிப் பதிப்பு. சிவப்பு மொரோக்கோத் தோலும் பொன்வேலைப்பாடும் நூறாண்டுகள் பிந்தியவை. 19ஆம் நூற்றாண்டின் செல்வந்தச் சேகரிப்பாளர்கள் பலர், மங்கிப்போன பழைய தோலைக் கழற்றிவிட்டு, தாள்களைக் கழுவி அழுத்தி, புதிய மொரோக்கோத் தோலில் கட்டச் செய்தார்கள். கழுவிய தாளைக் கை அறிந்துவிடும்: வெண்மை மிகுந்திருக்கும், சித்திரத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படாது. பைண்டரின் பெயர் முன்னட்டையின் உட்புறத்தில், அடியோரத்தில், எறும்பளவு பொன்னெழுத்தில் இருந்தது. நான் திறந்து காட்டியபோது என் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

அட்டை நூலோடு சேரும் மூட்டு முறியாமல் அட்டையைத் தாங்க அப்படித்தான் பிடிக்க வேண்டும். 'நூல் வெளிவந்த காலத்துப் பைண்டிங்கா' என்று அவர் கேட்டிருந்தால் இல்லையென்றே சொல்லியிருப்பேன். நூற்றைம்பது ஆண்டுத் தோலைப் பழையதென்பது பொய்யன்று. ஆனால் இரண்டாம் தொகுதியை நான் எப்படிப் பிடித்தேன் என்பது நினைவில் இல்லை. அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த நூலே பொய்யோடுதான் தொடங்குகிறது: அச்சானது பாரிஸில், தலைப்புப் பக்கத்தில் இருப்பது ஆம்ஸ்டர்டாம். தணிக்கைக்கு அஞ்சிச் சொன்ன அந்தப் பொய்யை வாடிக்கையாளர்களிடம் சுவையாக எடுத்துச் சொல்வது எங்கள் வழக்கம். அன்று அவரிடமும் சொன்னேன், இருவரும் சிரித்தோம். நான் எதற்கு அஞ்சினேன்? முதலாளி அறையில்கூட இல்லை.

மறு ஆண்டு அவர் வந்து, டோரேயின் சித்திரங்களுடன் 1873-இல் வெளிவந்த, பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயின் நூலைக் கேட்டார். பழைய விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கனத்த முதல் தொகுதியை நான் நீட்ட, தாமே வாங்கி மேசையில் வைத்து, முன்னட்டையைத் திறந்து, உட்புறத்தின் அடியோரத்தை ஒருகணம் பார்த்துவிட்டுச் சித்திரங்களுக்குப் போனார்.